புதிய ஊரில் உதவி தேடிய ஒரு தாய்: நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து சென்னைப் புறநகருக்குக் குடிவந்த 27 வயதுப் பெண் ஒருவர், வந்த ஐந்தாம் மாதத்தில், ஒரு சனிக்கிழமை இரவு நான்கு வயது மகளோடு வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த இரவு தொடங்கி ஆறு மாதம் வரை நடந்தவை இங்கே வரிசையாகப் பதிவாகின்றன. அவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

உதவி அமைப்புகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஆனாலும் எந்தக் கதவை முதலில் தட்டுவது, அங்கே என்ன கேட்பார்கள், எதைக் கேட்கமாட்டார்கள் என்று தெரியாததால் அவர் பலமுறை தடுமாறினார். ‘இந்த ஊர் விலாசம் நம்மிடம் இல்லை, நம்மை யார் சேர்த்துக்கொள்வார்கள்’ என்று அவர் நம்பியிருந்தார். புதிதாகக் குடிவந்தவர்கள் பலரிடம் இந்த எண்ணம் உண்டு. நெருக்கடிக் கால உதவிகளைப் பொறுத்தவரை இது தவறு. விலாசம் கேட்கும் இடங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

பின்னணி

கணவருக்குக் கிடங்கு ஒன்றில் வேலை. வாய்ப்பேச்சில் முடிந்த வாடகை வீடு. அட்வான்ஸ் கொடுத்ததற்குத் துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. பெண்ணின் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பழைய ஊர் விலாசமே. அவருடைய சிம் கார்டு கணவர் பெயரில் வாங்கியது. வங்கிக் கணக்கு சொந்த ஊர்க் கிளையில் இருந்தது, ஏ.டி.எம். அட்டை கணவரின் பையில் இருந்தது. பிறந்த வீடு பேருந்தில் ஓர் இரவுப் பயணத் தொலைவு. மொழி தெரிந்த ஊர் என்பது ஒன்றே அவருக்குச் சாதகம். வெளிமாநிலத்திலிருந்து வருபவருக்கு அதுவும் இருக்காது.

வீடு இருந்த இடத்தைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். பேச்சு வழக்கில் அது ‘சென்னை’. ஆனால் சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பதால், வருவாய்த் துறைக் கணக்கில் அது திருவள்ளூர் மாவட்டம். காவல் துறைக் கணக்கில் 2022-இல் தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம். ஊரில் பிறந்து வளர்ந்தவர்களே இதில் குழம்புவார்கள். இந்தக் குழப்பம் அன்றிரவு நேரத்தைத் தின்றது.

முதலில் கவனித்தவர்

வந்த மூன்றாம் மாதம், மகளுக்குக் காய்ச்சல் என்று நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தபோது, தாயின் முன்கையில் இருந்த கன்றிய தழும்புகளைச் செவிலியர் பார்த்தார். கணவர் வெளியே வண்டியில் காத்திருந்தார். குழந்தையை எடை பார்க்க உள்ளே அழைத்துச் சென்றபோது, “கையில என்னம்மா?” என்று கேட்டார். “குளியலறையில வழுக்கிருச்சு சிஸ்டர்.” செவிலியர் அதற்குமேல் துருவவில்லை. துண்டறிக்கையும் தரவில்லை. “எப்பவாவது பயமா இருந்தா, யாரு போன்லயிருந்து வேணும்னாலும் 181-ன்னு அடிம்மா. காசு ஆகாது, ராத்திரியும் எடுப்பாங்க” என்று மட்டும் சொன்னார்.

இது சரியான அணுகுமுறை. வீட்டுக்குள் கண்காணிக்கப்படும் பெண்ணின் பையில் துண்டறிக்கை இருந்தால், அதுவே அடுத்த அடிக்குக் காரணமாகலாம். பெண்கள் உதவி எண்ணின் மூன்று இலக்கம் நினைவில் நிற்கும். புதிய ஊருக்கு வந்த ஒரு பெண் யாரிடமும் காரணம் சொல்லாமல் போய்வரக்கூடிய இடங்கள் சிலவே: தடுப்பூசி, ரேஷன், அங்கன்வாடி. உதவி எண்ணைச் சொல்ல ஏற்ற இடங்களும் அவைதான். பேருந்து நிலையச் சுவரொட்டியைக் கணவரும் படிப்பார்.

சனிக்கிழமை இரவு

இரவு பத்தரை மணியளவில் நடந்த அடிதடியில் பெண்ணின் புருவத்துக்கு மேல் தோல் கிழிந்தது. மகளோடு வெளியே தள்ளப்பட்டார். கையில் செல்பேசி இருந்தது. பணமும் ஆவணமும் இல்லை.

நடந்தே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போனார். பணியில் இருந்தவர், குடும்பப் பிரச்சினைக்கு அனைத்து மகளிர் காவல் நிலையம்தான், அது வேறு எல்லையில் இருக்கிறது, காலையில் அங்கே போங்கள் என்று அனுப்பிவிட்டார். புகார் எழுதி வாங்கவில்லை, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் தரவில்லை. இதில் இரண்டு விஷயங்கள் தவறின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை, நிகழ்ந்த இடம் எந்த எல்லையில் இருந்தாலும் நிலையம் பதிவு செய்ய வேண்டும். மேலும், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின்கீழ் அமர்த்தப்படும் பாதுகாப்பு அலுவலர், இலவசச் சட்ட உதவி ஆகியவை பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்வதைக் காவல் அலுவலரின் கடமையாக்குகிறது. இவை அன்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், ரத்தம் வழியும் முகத்தோடு சட்டப் பிரிவு பேச யாராலும் முடியாது. அதற்குத்தான் உடன் ஓர் ஆள் வேண்டும்.

தெருவுக்குத் திரும்பியவர் வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டி, அவருடைய செல்பேசியிலிருந்து 181-ஐ அழைத்தார். எடுத்தவர் கேட்ட வரிசை முறையானது: இப்போது இருக்கும் இடம் பாதுகாப்பானதா, காயம் உண்டா, குழந்தை உடன் இருக்கிறதா, எந்த இடம். நான்காம் கேள்விக்குப் பெண் “சென்னை” என்றார். அழைப்பு, வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான சென்னை மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போனது. தெருப்பெயரைக் கேட்ட பிறகே, அது திருவள்ளூர் மையத்தின் பகுதி என்று தெரிந்து மாற்றப்பட்டது. முக்கால் மணி நேரம் இதில் போயிற்று. இதற்கிடையில் 108 ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை என்பது அன்று கைகொடுத்தது.

மருத்துவமனையில்

அரசு மருத்துவமனையில் நான்கு தையல். “எப்படி அடிபட்டது?” என்று பணி மருத்துவர் கேட்டபோது, பழக்கத்தில் “விழுந்துட்டேன்” என்றார். விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்கு முன் சேவை மையத்தின் வழக்குப் பணியாளர் வந்து சேர்ந்தார். பெண்ணிடம் தனியாகப் பேசி, நடந்ததை உள்ளபடி சொல்வதால் உடனே யாரும் கைதாகமாட்டார்கள் என்று விளக்கினார். அதன்பின் பதிவேட்டில் அடித்தவர் யார், எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் என்று எழுதப்பட்டது.

ஏ.ஆர். நகல் என்று எல்லோரும் சொல்லும் இந்த விபத்துப் பதிவேட்டுத் தாள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ‘வழுக்கி விழுந்தார்’ என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, நகலை அங்கேயே கேட்டு வாங்க வேண்டும். சிகிச்சைக்கு ஆதாரோ விலாசச் சான்றோ கேட்கப்படவில்லை.

ஐந்து நாள்

ஒருங்கிணைந்த சேவை மையம் 2015 ஏப்ரலில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்குத் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவம், காவல், சட்டம், மனநல ஆலோசனை ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் தருவது நோக்கம். மகளையும் உடன் வைத்துக்கொள்ளலாம். தங்கும் காலம் பொதுவாக ஐந்து நாள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த எண்ணைத்தான். ஐந்து நாள் என்பது அழுது ஓய்வதற்கும் தூங்குவதற்குமே சரியாக இருக்கும். ஆறாம் நாள் எங்கே என்ற கேள்விக்கு முதல் நாளே வேலை தொடங்காவிட்டால், பெண் திரும்பிப் போவது கணவர் வீட்டுக்குத்தான். இந்த நிகழ்வில் தேடல் மூன்றாம் நாள்தான் தொடங்கியது. அழைத்த இரண்டு இல்லங்களில் ஒன்றில் இடமில்லை. மற்றொன்று குழந்தையோடு வருபவர்களை எடுப்பதில்லை. ஐந்தாம் நாள் பிற்பகலில், தன்னார்வ அமைப்பு நடத்தும் ஒரு நீண்டகாலத் தங்கும் இல்லத்தில் இடம் உறுதியானது. அவர்கள் கேட்டவை: மையத்தின் பரிந்துரைக் கடிதம், தாய்க்கும் மகளுக்கும் மருத்துவச் சான்று, புகைப்படம். மருத்துவச் சான்று மட்டும் கையில் இல்லாததால், அன்று மாலை வரை புறநோயாளிப் பிரிவில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செல்பேசி. கணவர் ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தார். செல்பேசியில் இருந்த கூகுள் கணக்கு அவர் தொடங்கியது. இருப்பிடப் பகிர்வும் இயங்கிக்கொண்டிருந்தது. உடனே அணைத்துவிடலாம் என்பது எல்லோருக்கும் தோன்றிய யோசனை. ஆனால் மிரட்டல் செய்திகளும் குரல் பதிவுகளும் அதில்தான் இருந்தன. எனவே முதலில் இருப்பிடப் பகிர்வு நிறுத்தப்பட்டது. பிறகு தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்கள் எடுத்து, குரல் பதிவுகளோடு வழக்குப் பணியாளரின் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டன. அதன்பிறகே செல்பேசி அணைக்கப்பட்டது. சிம் கார்டு தூக்கி எறியப்படவில்லை. ஆதாருக்கும் வங்கிக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

எந்த வழக்கு. பெண்ணின் வேண்டுகோள் தெளிவாக இருந்தது: “அவரு ஜெயிலுக்குப் போக வேண்டாம்க்கா. எங்க பக்கம் வராம இருந்தா போதும். பிள்ளைச் செலவுக்குக் குடுக்கணும்.” கணவர் கொடுமை செய்வது, குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மனுவில் கேட்பவை வேறு: பாதுகாப்பு ஆணை, வசிக்கும் உரிமை, பணநிவாரணம், குழந்தையின் பொறுப்பு. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம், ஒன்றை மட்டும் செய்யலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவது, முதல் தகவல் அறிக்கைக்கு வற்புறுத்தாமல் 12-ஆம் பிரிவு மனுவைத் தாக்கல் செய்வது என்று அவர் முடிவெடுத்தார். தலையில் காயம் இருப்பதால் முதல் தகவல் அறிக்கையே வேண்டும் என்ற கருத்தும் ஆலோசனையில் எழுந்தது. அதில் நியாயம் இருந்தாலும், தன் விருப்பத்துக்கு மாறான வழக்கைப் பெண் பாதியில் கைவிட்டால் அடுத்த முறை அவர் யாரையும் அழைக்கமாட்டார். ஆகவே அவர் முடிவுக்கே இடம் விடப்பட்டது.

எந்த ஊர். அண்ணன் தொலைபேசியில் “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்றார். அம்மா வரச் சொன்னார். ஊருக்குப் போனால் இங்கே வழக்கு நடத்த முடியாதே என்று பெண் தயங்கினார். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. பாதிக்கப்பட்டவர் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், சம்பவம் நடந்த இடம், இவற்றில் எந்த இடத்து நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலும் மனுச் செய்யலாம். தங்கும் இல்லமும் தற்காலிக வசிப்பிடமே. இது தெரிந்தபின் அவர் இங்கேயே இருப்பதென்று முடிவு செய்தார். தையல் வேலை தெரியும், ஊரில் அந்த வருமானம் கிடைக்காது என்பது அவர் சொன்ன காரணம்.

மனுவுக்கு முன் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர், நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரித்தார். வழக்கறிஞர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகக் கட்டணமின்றி அமர்த்தப்பட்டார். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு இந்த உதவி பெற வருமான வரம்பு இல்லை. வருமானச் சான்று கேட்டால் இதைச் சொல்லலாம். இதற்கான தேசிய உதவி எண் 15100.

ஆவணங்களின் வரிசை

பாதுகாப்பு அலுவலரின் ஏற்பாட்டில், காவலர் ஒருவர் துணையோடு, கணவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்குச் சென்று பொருட்கள் எடுக்கப்பட்டன. முன்கூட்டியே எழுதிய பட்டியல் கையில் இருந்தது: மகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, இருவரின் ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளி மதிப்பெண் சான்றுகள், நகை, மகள் கட்டிக்கொண்டு தூங்கும் போர்வை. கடைசிப் பொருளைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னவர் தாய்.

பிறகு செய்தவற்றில் வரிசைதான் முக்கியம். முதலில் தன் பெயரில் புதிய சிம்: ஆதார் எண்ணும் கைரேகையும் போதும், ஓ.டி.பி. தேவையில்லை. அடுத்து ஆதார் சேவை மையத்தில் செல்பேசி எண் மாற்றம்: இதற்குக் கைரேகையோடு நேரில் போனால் போதும், வேறு ஆவணம் வேண்டாம். அந்த மாற்றம் பதிவான பிறகே புதிய வங்கிக் கணக்கு. வரிசை மாறி வங்கிக்கு முதலில் போனால், ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போகும். எந்த வங்கி என்பது வரை கணவருக்குத் தெரிந்துவிடும்.

ரேஷனில் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. குடும்ப அட்டையில் பெயர் இருப்பதால் கைரேகை வைத்து வேறு கடையில் வாங்கலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அட்டையில் பதிவான எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகும் என்பதால் அது தவிர்க்கப்பட்டது. உணவு இல்லத்தில் கிடைத்ததால் தவிர்க்க முடிந்தது. தனியாக வீடு எடுத்திருந்தால் இந்த முடிவு எளிதாக இருந்திருக்காது.

இரண்டாம் வாரம்

எல்லாம் ஓரளவு ஒழுங்குக்கு வந்தபின்தான் பெண் தளர்ந்தார். இரவில் தூக்கமில்லை, சாப்பாடு குறைந்தது. மகள் படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினாள். ஒரு மாலை வார்டனிடம் “நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி” என்றார். வார்டன் பதறினாலும் பேச்சை மாற்றவில்லை. “உயிரை விடணும்னு தோணுதாம்மா?” என்று நேராகவே கேட்டார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல ஒரு வழி திறக்கும். ஆம் என்றார். வார்டன் அவரைத் தனியே விடாமல், உடன் அமர்ந்து 14416-ஐ அழைத்தார். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் அது. தமிழில், இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கும். ஆலோசகர் நீண்ட நேரம் பேசினார். மறுநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வார்டனே உடன் போனார். மருந்தும் வாராந்தர ஆலோசனையும் தொடங்கின.

ஆபத்து நீங்கியபின் வரும் இந்தச் சரிவு இத்துறையில் இருப்பவர்களுக்குப் பழக்கமானது. அடி விழும்போது உடல் தாக்குப்பிடிப்பதில் மட்டும் குறியாக இருக்கும்; அமைதி வந்தபின்தான் நடந்தது உறைக்கும். முதல் வாரத்தில் சுற்றி நின்ற அலுவலர்கள் எல்லோரும் இரண்டாம் வாரத்தில் அடுத்த வழக்குக்குப் போயிருப்பார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் இந்த இடைவெளி இன்னும் ஆழம்.

ஆறு மாதம் வரை

மூன்றாம் வாரத்தில் மனு தாக்கலானது. முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், மனுவை அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். இங்கே கணவர் வீட்டைக் காலி செய்துவிட்டதால் அறிவிப்பைச் சேர்ப்பிப்பதே தாமதமாயிற்று. ஏழாம் வாரத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, ரூ.20,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பது கணவருக்கு எழுத்தில் போய்ச் சேர்ந்தபின் அழைப்புகள் நின்றன. பராமரிப்புத் தொகை ஆறாம் மாத முடிவிலும் நிலுவையில் இருந்தது.

மகள் இரண்டாம் மாதத்தில் இல்லத்துக்கு அருகிலுள்ள அங்கன்வாடியில் சேர்ந்தாள். தாய்க்கு ஆயத்த ஆடை நிறுவனத்தில் தையல் வேலை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், சம்பளம் வருமுன்பே நீதிமன்றம், மருத்துவமனை, வேலை என்று அலைய முடிந்தது. ஐந்தாம் மாதம், உடன் வேலை செய்யும் பெண் ஒருவரோடு சேர்ந்து வாடகைக்கு ஓர் அறை எடுத்தார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இடம் சொல்லும் முறை. நெருக்கடியில் அழைப்பவரிடம் “எந்த ஊர்?” என்பதற்குப் பதிலாக “பக்கத்துல எந்தப் போலீஸ் ஸ்டேஷன், போர்டுல என்ன பேர் எழுதியிருக்கு?” என்று கேட்பது பலன் தரும். புறநகரில் அஞ்சல் குறியீட்டு எண்ணைவிட நிலையத்தின் பெயர் எல்லையைத் துல்லியமாகக் காட்டும். புதிதாகக் குடிவந்தவர்கள் வந்த வாரமே தெரிந்துகொள்ள வேண்டியவை: நிலையத்தின் பெயர், மாவட்டத்தின் பெயர், உள்ளாட்சியின் பெயர்.

எண்களின் எண்ணிக்கை. இருபது எண்கள் அச்சிட்ட அட்டையை நெருக்கடியில் யாரும் படிப்பதில்லை. மூன்று போதும்: உயிருக்கு ஆபத்து என்றால் 112, பெண்களுக்கு 181, மனம் உடையும்போது 14416. குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் கூடுதலாக 1098. மற்றவற்றுக்கு இவர்களே வழி சொல்வார்கள். பட்டியல் வைத்திருக்கும் அமைப்புகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் எண்ணையும் தாங்களே அழைத்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பலவற்றில் மாறிப்போன எண்கள் அப்படியே கிடக்கின்றன.

கைமாற்றும் முறை. “அங்கே போய்ப் பாருங்கள்” என்று அனுப்பிய ஒவ்வோர் இடத்திலும் இந்தப் பெண் பாதி வழியில் நின்றார். அனுப்புபவரே அடுத்த அலுவலகத்தை அழைத்து, எடுப்பவரின் பெயரைக் கேட்டுச் சொல்லி, முதல் இரண்டு சந்திப்புகளுக்காவது ஓர் ஆளை உடன் அனுப்பிய இடங்களில் வேலை நடந்தது. ஒரு பேருந்துப் பயணமும் அரை நாளும்தான் இதற்குச் செலவு.

ஆறாம் நாள். நீண்டகால இல்லத்துக்கான தேடலும் மருத்துவச் சான்றும் சேர்க்கையின் முதல் நாள் பணிகளில் சேர வேண்டும். குழந்தையோடு சேர்க்கும் இல்லங்கள் எவை, எந்த வயது வரை, என்ன தாள்கள் என்ற குறிப்பை மையத்தில் முன்கூட்டியே வைத்திருந்தால், ஒரு வீண் அழைப்பாவது மிச்சமாகியிருக்கும்.

பின்தொடர்தல். இல்லத்துக்கு மாறிய எட்டாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் வழக்குப் பணியாளர் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நடைமுறையாக வேண்டும். தூக்கம், சாப்பாடு, சாவு பற்றிய எண்ணம், குழந்தையின் நடத்தை ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்றுதான் பதில் வரும்.